செவ்வாய்க்கிழமைப் பலகை

இன்று 2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. மணி முற்பகல் பதினொன்று இருபது. இந்த அரங்கில் போட்ட நாற்காலிகள் நூற்றைம்பது. வந்திருப்பவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர். வாசலில் நின்று நானே எண்ணினேன். நிற்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் முடித்துவிடுவேன். எனக்கு முன் பேசிய இருவரும் இதையேதான் சொன்னார்கள் என்பது எனக்கும் நினைவிருக்கிறது. நான் உண்மையாகவே முடித்துவிடுவேன். பன்னிரண்டரைக்கு உங்களுக்குப் பசிக்கும். பசித்தவர்களை உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் அக்கா மன்னிக்க மாட்டார்.

மூலை ஹோட்டல் அக்காவின் இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, ஆஸ்பத்திரித் தெருவின் ஹோட்டல் முதலாளிகளே, அடுப்படியில் நிற்பவர்களே, பரிமாறுகிறவர்களே, அக்காவின் கடையில் எப்போதோ ஒரு கிண்ணம் சூப் குடித்துவிட்டு இன்னும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் மகளே, எல்லோருக்கும் வணக்கம்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: இந்த நகரத்து ஹோட்டல்களில் அடுப்பு, புகைபோக்கி, ஃப்ரீசர் பழுது பார்ப்பவன் நான். இயந்திரவியல் படித்தவன். ஆகவே எனக்கு அலங்காரமாகப் பேச வராது. எது ஓடுகிறது, எது ஓடவில்லை, ஏன் ஓடவில்லை என்று மட்டும்தான் சொல்ல வரும். இன்றும் அதைத்தான் செய்யப் போகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். எனக்கு முன் பேசியவர் அக்காவை "பசித்தவர்க்கெல்லாம் வாரி வழங்கிய வள்ளல்" என்றார். தலைவர் மன்னிக்க வேண்டும், அது தவறான தகவல். மூலை ஹோட்டல் அக்கா யாருக்கும் ஓசியில் சோறு போட்டதில்லை. அவருடைய சொந்தத் தம்பி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டே நழுவப் பார்த்தபோது, "என்னடா, கை ஈரம் காயறதுக்குள்ள ஓடறே?" என்று வாசலிலேயே மறித்தவர் அவர். தம்பி இங்கேதான் இருக்கிறார். சிரிக்கிறார். உண்மை என்பதால்தான் சிரிக்கிறார்.

இன்னொருவர் அக்காவை "இனிமையே உருவானவர்" என்றார். அதுவும் இல்லை. அக்காவின் வாயிலிருந்து இனிமை வந்து நான் கேட்டதில்லை. என் முகத்துக்கு நேரே, "உன் வேலை சுத்தம், உன் பேச்சுதான் கரகரங்குது, அதுக்கும் கொஞ்சம் எண்ணெய் விடு" என்று சொன்னவர் அவர்.

அப்படியானால் எதற்காக இருநூற்றுப் பதினான்கு பேர் வந்திருக்கிறோம்? வள்ளலும் இல்லை, இனிமையும் இல்லை என்றால் அவர் யார்?

அவர் அனுப்பிவைப்பவர். அதுதான் அவர்.

விளக்குகிறேன். நம் ஆஸ்பத்திரித் தெருவில் நான்கு ஹோட்டல்கள். இந்த நகரம் முழுவதும் சுற்றி எல்லாச் சமையலறைகளின் உள்பக்கத்தையும் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், எனக்குப் பிடித்த ஹோட்டல்கள் இந்த நான்குதான். வெளிப்பக்கத்தை மட்டும் பார்ப்பவர்கள் வேறு பெயர்களைச் சொல்லுவார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவர்கள் புகைபோக்கிக்குள் தலையை விட்டதில்லை.

மருந்துக்கடைப் பக்கத்து மூலையில் அக்காவின் சூப் ஹோட்டல். ஒன்பது மேசை. அதற்கு எதிரே மீன் ஹோட்டல். அங்கே வறுவல் மொறுமொறுவென்று மேசைக்கு வரும், மின்விசிறி மட்டும் லாரி ஏறுகிற மாதிரி சத்தம் போடும். அதை நான் ஐந்து தடவை சரிசெய்தேன். ஆறாவது தடவை, "விடு தம்பி, அந்தச் சத்தம் கேட்டாத்தான் நம்ம கடைன்னு தெரியுது" என்று முதலாளி அண்ணன் சொல்லிவிட்டார். அதற்கு அடுத்தது சாப்பாட்டு ஹோட்டல். சோறு, நான்கு வகைக் காய், பேச்சுத்துணைக்கு முதலாளிப் பெரியவர். சோறு மறுபடி கேட்டால் வரும், பேச்சு கேட்காமலே வரும். தெருக்கோடியில், தெருவே அண்ணி என்று கூப்பிடுபவரின் ரொட்டிக்கடை. காலை ஆறரைக்கு அந்த அடுப்பைத் திறக்கும்போது பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்புவார்கள். பேருந்தை விட்டவர்களும் உண்டு.

நான்கும் ஒரே தெரு, ஒரே நேரம், ஒரே பசி. இப்படிப்பட்ட இடத்தில் என்ன நடக்க வேண்டும்? சண்டை நடக்க வேண்டும். நடந்தும் கொண்டிருந்தது. நான் வருவதற்கு முன்பு மீன் ஹோட்டல் அண்ணனும் அக்காவும் மூன்று வருடம் பேசிக்கொள்ளவில்லையாம். காரணம் கேட்டேன். இருவருக்கும் நினைவில்லை.

ஒரு நாள் மதியம் அக்காவின் கடையில் எல்லா மேசையிலும் ஆள் உட்கார்ந்திருக்கும்போது அடுப்பு அணைந்துவிட்டது. சிலிண்டர் காலி. மாற்றுச் சிலிண்டரின் வால்வு கசிகிறது. வேறொருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? பத்து நிமிடம் என்று சொல்லி ஒரு மணி நேரம் காக்க வைத்திருப்பார். நம் தொழிலில் எல்லோரும் செய்வது அதுதான். நானும் பத்து நிமிடம் என்றுதான் சொல்லுவேன்.

அக்கா கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "எந்திரிங்க எல்லாரும்" என்றார். முன்னால் நடந்தார். பின்னால் அத்தனை பேரும், சிலர் கையில் கரண்டியோடு. பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சாலை கடக்க வைப்பதுபோல் இரண்டு கையையும் நீட்டி வண்டிகளை நிறுத்தி, எதிரே இருந்த மீன் ஹோட்டலுக்குள் நுழைந்தார்.

இத்தனை பேரோடு அக்கா வருவதைப் பார்த்து அண்ணன் கல்லாவிலிருந்து எழுந்துவிட்டார்.

"என்னக்கா, ஆள் கூட்டிக்கிட்டுச் சண்டைக்கு வந்திருக்கீங்களா?"

"இவங்களுக்குப் பசி. என் அடுப்பு செத்துப்போச்சு. உட்கார வை."

"அதுக்கு ஏன் என்கிட்ட?"

"எதிர்ல நீதானேடா இருக்கே?"

அவ்வளவுதான் பேச்சு. மூன்று வருடச் சண்டை அதில் முடிந்தது. இதை எனக்குச் சொன்னவர் மீன் ஹோட்டல் அண்ணனே. சொல்லும்போது இன்னும் ஒரு விஷயமும் சொன்னார்: "அன்னைக்கு நான் பயந்துட்டேன் தம்பி. அக்கா கையில இருந்தது சூப் கரண்டின்னு கிட்ட வந்தப்புறம்தான் தெரிஞ்சுது."

அந்த வாரத்திலிருந்துதான் பலகை வந்தது.

அதுவரை நான்கு ஹோட்டல்களுக்கும் வார விடுமுறை ஒரே நாளில். அந்த நாளில் ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் பட்டினி. அக்கா மூவரையும் கூப்பிட்டு நாளைப் பிரித்தார். திங்கள் மீன் ஹோட்டலுக்கு. செவ்வாய் தனக்கு. புதன் ரொட்டிக்கடைக்கு. வெள்ளி சாப்பாட்டு ஹோட்டலுக்கு. அத்தோடு ஒரு சட்டம்: மூடியிருக்கும் கடையின் வாசலில் கரும்பலகை இருக்க வேண்டும், எங்கே போய் என்ன சாப்பிடலாம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும், எழுதியது உண்மையாக இருக்க வேண்டும்.

கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

அக்காவின் முதல் செவ்வாய்க்கிழமைப் பலகை இது: "இன்று எங்களுக்கு விடுமுறை. மீன் ஹோட்டலுக்குப் போங்கள். வறுவல் சாப்பிடுங்கள். சூப் வேண்டாம். நான் அனுப்பினேன் என்று சொல்லுங்கள்."

வந்தவர்கள் எல்லோரும் அப்படியே போய்ச் சொன்னார்கள். "அக்கா அனுப்பினாங்க. வறுவல் குடுங்க. சூப் வேண்டாமாம்."

மதியம் நெரிசல் முடிந்ததும் அண்ணன் நேரே அக்காவின் வீட்டுக்குப் போனார்.

"என் சூப்புக்கு என்ன கேடு?"

"நீ குடிச்சுப் பார்த்திருக்கியா?"

"நான் எதுக்குக் குடிக்கணும்? விக்கிறது நான்."

"போய்க் குடிச்சுட்டு வா. அப்புறம் சண்டை போடலாம்."

அண்ணன் போனார். குடித்தார். திரும்பிச் சண்டைக்கு வரவில்லை.

அடுத்தடுத்த செவ்வாய்களிலும் "சூப் வேண்டாம்" இருந்தது. அண்ணன் எலும்பை மாற்றினார், பாத்திரத்தை மாற்றினார், மாஸ்டரை மாற்றப் பார்த்தார். மாஸ்டர் அவருடைய மச்சான் என்பதால் அது முடியவில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை பலகையில் அந்த இரண்டு சொற்கள் இல்லை. வறுவல் சாப்பிடுங்கள், அதற்குப் பிறகு நேரே, நான் அனுப்பினேன். அண்ணன் சாலையைக் கடந்து வந்து பலகையைப் போனில் படம் எடுத்தார். அவருடைய போனைத் திறந்தால் இன்றும் அந்தப் படம்தான் முதலில் வரும். பிள்ளைகளின் படம் அதற்குப் பின்னால்தான்.

ஆனால் அண்ணனும் சும்மா விடவில்லை. அவருடைய திங்கட்கிழமைப் பலகை: "இன்று எங்களுக்கு விடுமுறை. மூலை ஹோட்டலுக்குப் போங்கள். சூப் குடியுங்கள், இதுபோல் வேறெங்கும் கிடையாது. காபி வேண்டாம். அது வெறும் நிறம்."

இந்தத் தெருவின் கதை இதுதான். ரொட்டிக்கடை அண்ணி, சாப்பாட்டு ஹோட்டல் காய்கள் குழைந்துபோகின்றன என்று எழுதினார்; காய்கள் நிமிர்ந்தன. பெரியவர், ரொட்டிக்கடையில் மேசைகள் ஆடுகின்றன என்று எழுதினார். மேசைகளின் ஆட்டம் நின்றது. அதைச் செய்தவன் நான்தான், நான்கு மேசைகள், கால்களுக்கு அடியில் ரப்பர். என்னைப்போல் படித்த எத்தனையோ பேர் தரக்கட்டுப்பாடு என்று பெரிய கட்டடங்களில் உட்கார்ந்து செய்வதை, இந்தத் தெருவில் ஒரு துண்டு சுண்ணாம்புக்கட்டி செய்தது. சாப்பிட்டவர்கள் யார்? நாம். ஆஸ்பத்திரியில் ஆளைப் படுக்க வைத்துவிட்டு, வாய்க்கு ருசியே தெரியாமல் வந்து உட்கார்ந்தவர்கள். இந்த நான்கு கடைகளும் இவ்வளவு நன்றாக இருப்பதற்கு யார் காரணம்? நான்கு பேரும் காரணம். அவர்களை ஒருவர் கடைக்கு ஒருவர் அனுப்பிவைத்தவர் யார்?

என்னையும் அவர்தான் அனுப்பினார். கம்பெனி ஆளாக, புகைபோக்கி பார்க்க முதல்முறை அக்காவின் கடைக்குப் போனேன். பார்த்ததும் சொன்னேன், "இந்த ஃபேனைத் தலைகீழா மாட்டியிருக்காங்க. இது புகையை வெளியே தள்ளலை, உள்ளே இழுக்குது. இத்தனை நாள் எப்படி உயிரோட இருக்கீங்க?" பக்கத்தில் நின்ற கம்பெனி மேலாளர் என் காலை மிதித்தார். வாடிக்கையாளரிடம் அப்படிப் பேசக் கூடாதாம். அக்கா மேலாளரைப் பார்த்து, "அவன் காலை ஏன் மிதிக்கிறீங்க? அவன் சொன்னதுல தப்பு இருக்கா?" என்று கேட்டார். பிறகு என்னிடம், "இதே மாதிரி எதிர்க்கடையிலயும் போய்ப் பார்த்துச் சொல்லு. நான் அனுப்பினேன்னு சொல்லு" என்றார்.

போனேன். அங்கிருந்து சாப்பாட்டு ஹோட்டல். அங்கிருந்து ரொட்டிக்கடை. அங்கிருந்து இந்த நகரம் முழுவதும். கம்பெனியை விட்டு வெளியே வந்து சொந்தமாகத் தொழில் தொடங்கியபோது எனக்கு விளம்பரம் தேவைப்படவில்லை. எந்தச் சமையலறைக் கதவைத் தட்டினாலும் ஒரே கேள்விதான்: "யாருப்பா அனுப்பினது?" ஒரே பதில்தான்: "மூலை ஹோட்டல் அக்கா." கதவு திறக்கும். இந்த அரங்கில் எத்தனை பேர் வேறெங்கோ போய் "அக்கா அனுப்பினாங்க" என்று சொல்லி வாழ்க்கையைத் தொடங்கியிருக்கிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம். நேரமாகிறது.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். பன்னிரண்டு நாட்களுக்கு முன்பு. அக்கா விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். மதியமே இறுதி ஊர்வலம். வியாழக்கிழமை தெருவில் யாருக்கும் விடுமுறை இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

காலையில் அக்காவின் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அவர் மகள் என்னிடம் கடைச் சாவியைக் கொடுத்தார். ஃப்ரீசரைப் பார்த்துவிட்டு அணைக்கச் சொன்னார். மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு நான் தெருவுக்கு வந்தேன். அக்காவின் ஷட்டர் மூடியிருந்தது, அது எதிர்பார்த்ததுதான். எதிரே மீன் ஹோட்டலும் மூடியிருந்தது. சாப்பாட்டு ஹோட்டலும். ரொட்டிக்கடையும். தெருவில் ஒரு புகை இல்லை. அந்தத் தெருவில் மின்விசிறிச் சத்தமே இல்லாமல் நான் நின்றது அன்றுதான்.

ஆட்கள் மட்டும் நடந்துகொண்டிருந்தார்கள். ஒரே பக்கமாக, கோயிலைச் சுற்றுவதுபோல. கையில் பெரிய கட்டுப் போட்ட ஒருவர் என்னைத் தாண்டிப் போனார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்து தாண்டினார். மூன்றாம் தடவை என் முன்னால் நின்றுவிட்டார்.

"தம்பி, இந்தத் தெருவுல சாப்பாடு இருக்கா, இல்லை வெறும் எழுத்துதானா?"

அப்போதுதான் பலகைகளைப் படித்தேன்.

மீன் ஹோட்டல் வாசலில்: "அக்கா மறைந்தார். இன்று கடை இல்லை. சாப்பாட்டு ஹோட்டலுக்குப் போங்கள்."

சாப்பாட்டு ஹோட்டல் வாசலில்: "அக்கா மறைந்தார். இன்று கடை இல்லை. ரொட்டிக்கடைக்குப் போங்கள்."

ரொட்டிக்கடை வாசலில், அண்ணியின் அழகான கையெழுத்தில்: "அக்கா மறைந்தார். இன்று கடை இல்லை. மீன் ஹோட்டலுக்குப் போங்கள்."

என் படிப்பில் இதற்கு ஒரு பெயர் உண்டு. அதைச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது. முடிவே இல்லாத வட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்காக ஒருநாள்கூட இந்தத் தெரு மொத்தமாக மூடியதில்லை. அக்கா அதற்காகத்தான் வாழ்ந்தார். அவர் இறந்த அன்று, அவருக்கு மரியாதை செய்ய, மூன்று பேரும் சேர்ந்து அதைச் செய்துவிட்டார்கள். சேர்ந்துகூடச் செய்யவில்லை. தனித்தனியாகச் செய்தார்கள்.

கட்டுப் போட்டவரிடம் என்ன சொல்லுவது? பக்கத்தில் இரவுப்பணி முடித்து, அதற்கு மேலும் அரைநாள் வேலை பார்த்த ஒரு நர்ஸ் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேருந்து ஓட்டுநர்கள். கைக்குழந்தையோடு ஒரு தாத்தா. என் சட்டைப் பையில் சாவி. நான் ஷட்டரைத் தூக்கினேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அடுப்பின் அழுத்தம் தெரியும், உப்பின் அளவு தெரியாது. சமையலறையில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். முட்டை இருந்தது, ரொட்டி இருந்தது. முட்டையை உடைத்து ஊற்றினால் ஆம்லெட் என்று நினைத்தேன். ஊற்றினேன். அது ஆம்லெட் ஆகவில்லை. கட்டுப் போட்டவர் தட்டைப் பார்த்தார். "தம்பி, எனக்குக் கையிலதான் அடி. கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார். ஆனாலும் சாப்பிட்டார். நர்ஸ் உள்ளே வந்து, என்னை ஒன்றும் கேட்காமல் தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தார்.

ஒன்பது மேசையும் நிறைந்துவிட்டது. புகை ஏறியது. இறுதி ஊர்வலம் முடிந்து தெருவுக்குள் நுழைந்தவர்கள் கண்ணில் முதலில் பட்டது அந்தப் புகைதான். முதலில் ரொட்டிக்கடை அண்ணி வந்தார்.

"அடப்பாவி, இன்னைக்கா கடையைத் திறப்பே? ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் சாப்பிட்டுக்கிட்டு இருக்கு அண்ணி."

"எதை?"

தோசைக்கல்லை எட்டிப் பார்த்தார். அழுது வீங்கிய முகத்தோடு என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினார். "நகரு. செத்தும் அக்காவுக்குக் கெட்ட பேர் வாங்கித் தருவே போல."

பின்னாலேயே பெரியவர். அவருக்குப் பின்னால் மீன் ஹோட்டல் அண்ணன். அண்ணன் வாசலிலேயே நின்று பெரியவரைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க திறந்திருப்பீங்கன்னுதானே நான் எழுதி வெச்சுட்டு வந்தேன்?"

"நான் எப்படிப்பா திறப்பேன்? அக்காவுக்கு ரொம்ப நெருக்கம் நான்தானே? ரொட்டிக்கடைப் பொண்ணு திறந்திருக்கும்னு நினைச்சேன்."

"நானா? எனக்குத்தான் அக்கா கூடப்பிறக்காத அக்கா. இவரு திறந்திருப்பாருன்னு நான் நினைச்சேன். ரெண்டு பேரும் எந்நேரமும் சண்டைதானே போடுவாங்க, சாவுக்கு வர மாட்டாருன்னு..."

"வர மாட்டேனா? என் சூப்பைத் திட்டினவங்க சாவுக்கு நான் வராம யார் வருவா?"

இந்தச் சண்டை நடக்கும்போதே மூவரின் கைகளும் வேலையில் இருந்தன என்பதைச் சொல்ல வேண்டும். அண்ணி கல்லில். பெரியவர் காய் நறுக்குகிறார். அக்காவின் அடுப்படியில் வேலை செய்யும் இரண்டு அம்மாக்களும் வந்து சூப்பை ஏற்றிவிட்டார்கள். மீன் ஹோட்டல் அண்ணன் மட்டும் நேரே காபி இயந்திரத்திடம் போனார். வருடக்கணக்கான ஆசை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு அதைக் கழுவினார். தண்ணீரை அடுப்பில் வைத்துத் தனியாகக் கொதிக்கவிட்டார்.

யார் அக்காவுக்கு நெருக்கம்? மூன்று பேரும் தனித்தனியாக அப்படி நம்பியிருக்கிறார்கள். மூன்று பேருமே சரி. ஒருவரைப் போட்டிக்காரராக வைத்துக்கொண்டே, அவருக்கு அவ்வளவு நெருக்கமாக இருக்க முடியுமா? முடியும் என்று அக்கா காட்டினார். இதைவிடப் பெரிய புகழுரை எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் எனக்குப் பின் பேசலாம்.

கடைசியாக அக்காவின் மகள் வந்தார். விடியும் முன் போன் வந்து, வெளியூரிலிருந்து கிளம்பி வந்தவர், அதுவரை ஒன்றும் சாப்பிடவில்லை. அம்மாவின் கடை நிறைந்திருப்பதைப் பார்த்தார். காலியான ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணன் ஒரு குவளையைக் கொண்டுபோய் முன்னால் வைத்தார். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா கடையில இன்னைக்குத்தான் காபி காபி மாதிரி இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சமையலறைக்குள் போய் ஃப்ரீசருக்குப் பின்னால் நின்று அழுதார். ஃப்ரீசர் சத்தத்தில் கேட்காது என்று நினைத்தார். நான் அதை அணைத்துவிட்டிருந்தேன்.

அந்தக் காபியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போன வருடம் நான் அக்காவிடம் கேட்டேன்: "இந்தத் தண்ணி சரியாச் சூடாகலை. அதான் காபி அப்படி இருக்கு. சின்ன வேலை, இப்பவே முடிச்சுடறேன்." கருவியை எடுத்தும் விட்டேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

"விடு. பலகையில எழுத அவனுக்கு ஒரு வரி வேணும்ல?"

எனக்கு அன்று புரியவில்லை. ஒரு பழுது தெரிகிறது, சரிசெய்ய ஆள் இருக்கிறது, ஏன் விட வேண்டும்? அண்ணன் காபியை எழுதினால்தான் தானும் சூப்பை எழுத முடியும் என்பதும், ஒருவரிடம் மட்டும் குறையே இல்லாவிட்டால் பலகையில் வெறும் புகழ்ச்சிதான் மிஞ்சும் என்பதும் எனக்கு அந்தக் குவளையைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. இதை அண்ணனிடம் யாரும் சொல்ல வேண்டாம். அவர் இந்த அரங்கில் இல்லை. ஏன் இல்லை என்பதை முடிவில் சொல்கிறேன். கோபித்துக்கொண்டு வராமல் இருக்கிறார் என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். அன்று சாப்பிட்டு முடித்ததும் அக்காவின் மகள் மூவரையும் உட்கார வைத்து நேரடியாகக் கேட்டார். "எனக்கு வேலை அங்கே. என்னால இங்கே வந்து இருக்க முடியாது. பக்கத்து மருந்துக்கடைக்காரர் இந்த இடத்தைக் கேட்கிறார். அம்மா கடையை யார் பொறுப்பெடுத்து நடத்துவீங்கன்னு சொல்லுங்க. ஒருத்தர் சரின்னாலும் நான் அவருக்குக் குடுக்கலை. இரங்கல் கூட்டத்துக்குள்ள சொல்லுங்க."

நியாயமான கேள்வி. பன்னிரண்டு நாளில் என்ன நடந்தது? அண்ணன், பெரியவர்தான் அனுபவஸ்தர், அவர் எடுக்கட்டும் என்றார். பெரியவர், தனக்கு வயதாகிவிட்டது, ரொட்டிக்கடைப் பெண் எடுக்கட்டும் என்றார். அண்ணி, எதிரிலேயே இருப்பவர் மீன் ஹோட்டல் அண்ணன்தான், அவர் எடுக்கட்டும் என்றார்.

கவனித்தீர்களா? மறுபடியும் அதே மூன்று பலகை. மறுபடியும் அதே வட்டம்.

நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு கடை இருக்கிறது, ஒரு முதுகுதான் இருக்கிறது. ஆனால் வட்டம் தானாக நிற்காது. யாராவது ஓர் இடத்தில் ஷட்டரைத் தூக்க வேண்டும். அந்த மூலை மூடினால் ஒன்பது மேசை மட்டுமா போகும்? செவ்வாய்க்கிழமைப் பலகை போகும். அது போனால் திங்கட்கிழமைப் பலகைக்கு எதிராளி இல்லை. ஆறு மாதத்தில் மேசைகள் ஆட ஆரம்பிக்கும், காய்கள் குழைய ஆரம்பிக்கும். நகரத்தில் எனக்குப் பிடித்த நான்கு ஹோட்டல்களில் ஒன்று மட்டும் போகாது. நான்கும் போகும்.

ஆகவே, அக்காவின் மகளே, உங்கள் கேள்விக்குப் பதில் இது. நான் எடுக்கிறேன். சமைக்கத் தெரியாதவன்தான். கட்டுப் போட்டவர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், அவரே சாட்சி. ஆனால் அடுப்படி அம்மாக்கள் இருவரும் இருக்கிறார்கள். சூப் அவர்கள் கையில். கடையைத் திறப்பதும், பொருள் வாங்குவதும், திட்டு வாங்குவதும் என் பொறுப்பு. பழுது பார்க்கும் வேலையை மதியத்துக்குப் பிறகு வைத்துக்கொள்கிறேன். நீங்கள் கொடுத்த சாவி இன்னும் என் பையில்தான் இருக்கிறது. இந்த மேடையிலிருந்தே கேட்கிறேன்: திருப்பித் தரட்டுமா?

பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது, சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்று கையைக் காட்டுகிறார். "நீயே வெச்சுக்க, ஆனா ஆம்லெட் மட்டும் போடாதே" என்கிறார். ஏற்றுக்கொள்கிறேன்.

கை தட்டியது போதும். உட்காருங்கள். நாற்காலி இருப்பவர்கள்.

அக்காவின் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் மேடையில் சொன்னோம். எப்படி என்று யாரும் சொல்லவில்லை. நான் செய்யப்போவதை எண் போட்டுச் சொல்கிறேன்.

1. நாளைக் காலை ஆறு மணிக்கு மூலை ஹோட்டலின் ஷட்டரைத் திறப்பேன். முதல் கிண்ணம் சூப்பை அண்ணி வந்து குடித்துப் பார்த்துவிட்டு முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். நாளை புதன், அவருக்கு விடுமுறைதான், வேறு வேலை இருக்கிறது என்று தப்பிக்க முடியாது.

2. காய்கறிச் சந்தைக்குப் பெரியவரோடு போவேன். அவர் பேசுவார். நான் கேட்பேன். இது நான் செய்யும் தியாகம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

3. சூப்பில் கை வைக்க மாட்டேன். அடுப்பில் மட்டும் கை வைப்பேன்.

4. மாற்றுச் சிலிண்டரின் வால்வு இன்னும் கசிகிறது. அதை மாற்றுவேன். எத்தனை தடவை சொன்னேன்.

5. காபி இயந்திரத்தைச் சரிசெய்ய மாட்டேன். எக்காலத்திலும்.

6. இனி இந்தத் தெருவில் யார் செத்தாலும், நானே செத்தாலும், ஒரு கடை திறந்திருக்கும். எந்தக் கடை என்று ஒவ்வொருவருக்கும் போன் செய்து கேட்டுக்கொள்வேன். "அவங்க திறப்பாங்கன்னு நினைச்சேன்" என்ற பதிலை வாங்கிக்கொள்ள மாட்டேன். இது இன்றே நடைமுறைக்கு வந்துவிட்டது. அக்காவின் இரங்கல் கூட்டத்துக்கு வர முடியாமல் மீன் ஹோட்டல் அண்ணன் இந்த நேரத்தில் உங்களுக்காக அடுப்பில் நின்றுகொண்டிருக்கிறார். யார் கூட்டத்துக்குப் போகாமல் கடையில் இருப்பது என்று கேட்டபோது, "நான்தானே அக்காவுக்கு நெருக்கம், நான் இருக்கேன்" என்றார்.

7. இப்போது மேடையை விட்டு இறங்கி, இந்த அரங்கத்தின் வாசலில் பலகையை வைக்கப் போகிறேன். இன்று செவ்வாய்க்கிழமை. அடுப்படி அம்மாக்கள் இருவரும் நான் சொன்னதைக் கேட்டு, உண்மைதான் என்று சொன்ன பிறகு எழுதியது: "இன்று எங்களுக்கு விடுமுறை. மீன் ஹோட்டலுக்குப் போங்கள். வறுவல் சாப்பிடுங்கள். சூப்பும் குடிக்கலாம். அக்கா அனுப்பினார் என்று சொல்லுங்கள்."